தமிழில் பயனர் பக்கம் நின்று தொழில்நுட்பம் எழுதுவது: சென்னையிலிருந்து எப்படித் தொடங்குவது?

வேளச்சேரி_வாணி:

வணக்கம். தமிழில் தொழில்நுட்பம் பற்றி முழுநேரமாக எழுத வேண்டும் என்பது திட்டம். புதுப் போன் விமர்சனம், செயலிப் பட்டியல் எல்லாம் ஏற்கெனவே நிறைய இருக்கின்றன. எழுத நினைப்பது வேறு: இணையத்தில் தனி மனிதருக்கு என்ன பிடி இருக்கிறது, தன் தரவை எப்படி வெளியே எடுப்பது, கொடுத்த ஒப்புதலை எப்படித் திரும்ப வாங்குவது, நிறுவனம் பதில் சொல்லாவிட்டால் அடுத்து எந்தக் கதவைத் தட்டுவது.

சொந்தத் தளம் வைப்பதா, யூடியூப், ஃபேஸ்புக் போதுமா? எந்தப் பொருள்களில் தமிழில் உண்மையிலேயே இடைவெளி இருக்கிறது? நிறுவனங்களைப் பெயர் சொல்லி எழுதும்போது சட்டத்தில் எங்கே கால் வழுக்கும்? அனுபவமுள்ளவர்கள் பொதுவான ஊக்க வார்த்தைகளை விட்டுவிட்டு, செய்முறையாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

எழுத்துரு_மாறன்:

தளம் பற்றி மட்டும் சொல்கிறேன். முகவரி உங்களுடையதாக இருக்கட்டும். யூடியூப், ஃபேஸ்புக், வாட்ஸ்அப் சேனல் எல்லாவற்றுக்கும் அங்கிருந்து நகல் போகட்டும். ஜியோசிட்டீஸ் என்ற இலவசத் தளச் சேவை 2009இல் மூடப்பட்டது. கூகுள் ரீடர் 2013 ஜூலையில் நின்றது. கூகுள் பிளஸ் 2019 ஏப்ரலில் போனது. வாசகரிடம் 'உங்கள் தரவு உங்கள் கையில்' என்று சொல்பவரின் எழுத்து, வேறொருவர் ஒரே நாளில் மூடக்கூடிய இடத்தில் இருப்பது சரியாக வராது.

டொமைனை, அதாவது தளத்தின் முகவரிப் பெயரை, உங்கள் பெயரில், உங்கள் கணக்கில் வாங்குங்கள். தளம் செய்து தருபவரே தன் கணக்கில் வாங்கி வைத்துக்கொள்வதுதான் இங்கே அதிகம் நடக்கும் கோளாறு. அவர் தொழிலை விட்டுப் போனால் முகவரியும் போச்சு. பதிவுக்குக் கொடுக்கும் மின்னஞ்சல் அதே டொமைனில் இருக்கக் கூடாது. டொமைன் காலாவதியானால் அந்த அஞ்சலும் நின்றுவிடும், நினைவூட்டல் வந்து சேராது. டாட்காம் முகவரியைப் புதிதாகப் பதிந்த முதல் 60 நாள் வேறு பதிவாளருக்கு (டொமைன் விற்கும் நிறுவனத்துக்கு) மாற்ற முடியாது. காலாவதிக்குப் பிறகு பதிவாளரைப் பொறுத்து 45 நாள் வரை சலுகை, அதன்பின் 30 நாள் மீட்புக் காலம் (இதற்குத் தனிக் கட்டணம், வழக்கமான விலையைவிட மிக அதிகம்), பிறகு 5 நாள் காத்திருப்பு. அதையும் தாண்டினால் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்.

டாட் இந்தியா என்று தமிழ் எழுத்திலேயே முடியும் முகவரியும் கிடைக்கிறது. வாங்கி வையுங்கள், ஆனால் முதன்மை முகவரியாக வேண்டாம். முகவரியைத் தளத்தோடு இணைக்கும் பதிவேடான டிஎன்எஸ்ஸுக்குள் அது ப்யூனிகோடாக, அதாவது ரோமன் எழுத்தும் எண்ணும் கலந்த வடிவமாக, மாறிவிடுகிறது. சில செயலிகள் அந்த மாறிய வடிவத்தையே காட்டும். பார்ப்பவர் அதை மோசடி இணைப்பு என்று நினைத்துத் தொடமாட்டார்.

தளத்துக்கு ஹியூகோ போன்ற நிலைப்பக்க மென்பொருள் போதும். கட்டுரைகள் மார்க்டவுன் என்ற எளிய உரைக் கோப்புகளாக உங்கள் மடிக்கணினியிலேயே இருக்கும். ஒரு பென்டிரைவில் நகல் எடுத்தால் முழுத் தளமும் உங்களிடம் இருக்கிறது என்று பொருள். கிட்ஹப் பேஜஸ் என்ற தளச் சேவையில் இலவசமாக ஏற்றலாம். தளத்தின் அளவு 1 ஜிபிக்குள், மாதப் போக்குவரத்து 100 ஜிபி அளவில் இருக்க வேண்டும் என்பது அவர்கள் வரம்பு. எழுத்துக்கு இது தாராளம். டிஎன்எஸ்ஸில் நான்கு ஏ பதிவுகள் (டொமைன் எந்தச் சர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்லும் வரிகள்) போட வேண்டும்: 185.199.108.153 தொடங்கி, மூன்றாவது எண்ணை மட்டும் 109, 110, 111 என மாற்றி மீதி மூன்று. இணைப்பு பாதுகாப்பானது என்று உலாவி காட்டும் பூட்டுக் குறி வர 24 மணி நேரம் வரை ஆகலாம். அதற்கு மேலும் வரவில்லை என்றால், டொமைன் விற்றவர் ஏற்கெனவே போட்டுவைத்த விளம்பரப் பக்கத்தின் ஏ பதிவு அழிக்கப்படாமல் கிடக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

தமிழுக்கென்றே சில சிக்கல்கள் உண்டு. கட்டுரையின் இணைய முகவரியைத் தமிழ்த் தலைப்பிலிருந்து தானாக உருவாக விடாதீர்கள். இணையத்தில் எழுத்தைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் 3 பைட். முகவரியில் அது 9 எழுத்தாக விரியும். 'தனியுரிமை' என்ற ஒரு சொல்லில் 9 குறியீடுகள், ஆக 81 எழுத்து. வாட்ஸ்அப்பில் ஒட்டினால் திரை முழுக்கச் சதவீதக் குறிதான். முகவரிக்குச் சுருக்கமாக ரோமன் எழுத்தில் ஒரு பெயர் கொடுங்கள்.

அடுத்து, ஒகர உயிர்மெய் இரண்டு விதமாகப் பதிவாகும். 'கொ' என்பதில் ஒகரக் குறி ஒற்றைக் குறியீடாகவும் இருக்கலாம், கொம்பும் காலும் தனித்தனியாகவும் இருக்கலாம். பார்க்க ஒன்றுதான், தளத்தின் தேடுபெட்டிக்கு வேறு வேறு. எல்லாக் கோப்புகளையும் என்எஃப்சி வடிவத்துக்கு (எங்கும் ஒற்றைக் குறியீடாக்கும் யூனிகோடு முறைக்கு) மாற்றிவிட்டு வெளியிடுங்கள். வரி இடைவெளி 1.6க்குக் குறைந்தால் ஒரு வரியின் உகரச் சுழியும் அடுத்த வரியின் இகரக் கொக்கியும் ஒட்டிக்கொள்ளும்.

புதுப் பதிவுகளை வாசகரின் படிப்புச் செயலிக்கு அனுப்பும் ஆர்எஸ்எஸ் ஓடையில் முழுக் கட்டுரையையும் கொடுங்கள். சுருக்கம் கொடுத்து ஆளைத் தளத்துக்கு இழுப்பது பழைய உத்தி. மின்மடல் அனுப்பினால், அது உங்களிடமிருந்துதான் வருகிறது என்று காட்டும் எஸ்பிஎஃப், டிகேஐஎம் என்ற டிஎன்எஸ் பதிவுகள் இரண்டையும் சரியாகப் போடுங்கள். ஒரே டொமைனில் இரண்டு எஸ்பிஎஃப் பதிவு இருந்தால் சோதனையே தோற்றுவிடும். அஞ்சல் சேவையை மாற்றும்போது பழைய வரியை நீக்காமல் புதியதைச் சேர்ப்பதால் வருவது இது. மடலை யார் திறந்தார்கள் என்று எண்ணும் கண்ணுக்குத் தெரியாத படத்தை அணைத்துவிடுங்கள். நீங்கள் எதிர்த்து எழுதப்போவதே அதைத்தான்.

பிளாகரில் பழைய பதிவுகள் இருந்தால் இன்றே நகல் எடுங்கள். ஆனால் ஒன்று: நகல் கோப்பில் எழுத்து மட்டும் வந்திருக்கிறதா, படங்களும் இருக்கின்றனவா என்று திறந்து பாருங்கள். படங்கள் இல்லையென்றால் அவற்றைத் தனியாக இறக்க வேண்டும்.

பழைய_மின்மடல்:

மாறன் சொன்னதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் தளத்துக்கு முன்னால் ஒரு விஷயத்தை முடிவு செய்யுங்கள்: எந்த ஒரே கேள்வியைப் பல ஆண்டு விடாமல் துரத்தப் போகிறீர்கள்?

இந்தத் துறையில் டாக் சியர்ல்ஸின் எழுத்து வாழ்க்கையை ஒரு மாதிரியாகப் பாருங்கள். லினக்ஸ் ஜர்னல் இதழில் நீண்ட காலம் எழுதியவர், அதன் ஆசிரியராகவும் இருந்தவர். 1999இல் மூன்று பேருடன் சேர்ந்து 95 கூற்றுகள் கொண்ட அறிக்கையை எழுதினார். சந்தை என்பது உரையாடல் என்பது அதன் முதல் கூற்று. 2006இல் ஹார்வர்டின் பெர்க்மன் மையத்தில் விஆர்எம் என்ற திட்டத்தைத் தொடங்கினார்: நிறுவனங்களிடம் வாடிக்கையாளரைக் கையாள மென்பொருள் இருக்கிறது, வாடிக்கையாளரிடம் நிறுவனங்களைக் கையாள என்ன இருக்கிறது என்பதுதான் அதன் அடிப்படை. அங்கிருந்து, பொறியாளர்களின் பன்னாட்டு அமைப்பான ஐஈஈஈயின் 7012 என்ற தரநிலைப் பணி வரை அந்தச் சிந்தனை போயிருக்கிறது: தளத்தின் நிபந்தனைகளுக்கு நாம் தலையாட்டுவதற்குப் பதிலாக, நம் நிபந்தனைகளைக் கணினி படிக்கும் வடிவில் நாம் நீட்ட, தளம் ஒப்புக்கொள்வது. கட்டுரை, திட்டம், தரநிலை என்று வடிவம் மாறினாலும் கேள்வி மாறவில்லை.

இதே துறையின் தோல்விகளையும் படியுங்கள். 'பின்தொடராதே' என்ற உலாவிக் குறிப்பை மதிப்பது நிறுவனங்களின் விருப்பத்துக்கு விடப்பட்டது, பெரும்பாலோர் மதிக்கவில்லை. இணையத் தரநிலைகளை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பில் அதற்கென இருந்த குழு 2019இல் கலைந்தது, ஃபயர்ஃபாக்ஸ் 2025இல் அந்த அமைப்பையே எடுத்துவிட்டது. அதன் இடத்துக்கு வந்த ஜிபிசி (என் தரவை விற்காதே, பகிராதே என்று உலாவி சொல்லும்) குறிப்புக்குக் கலிஃபோர்னியாவில் சட்டத்தின் துணை இருப்பதால் பல் இருக்கிறது. ஒரு அமைப்பை வாசகருக்குப் பரிந்துரைக்கும் முன் அதன் பின்னால் கட்டாயம் ஏதாவது இருக்கிறதா என்று கேளுங்கள்.

தமிழில் இடைவெளி எங்கே? எனக்குத் தெரிந்து அக்கவுன்ட் அக்ரிகேட்டர் (நம் ஒப்புதலின் பேரில் வங்கித் தரவை வங்கியிலிருந்து கடன் தருபவருக்குக் கொண்டுசேர்க்கும் இடைநிலை நிறுவனம்) பற்றித் தெளிவான தமிழ் விளக்கம் மிகக் குறைவு. ரிசர்வ் வங்கி 2016இல் விதி வகுத்தது, 2021 செப்டம்பரில் வங்கிகள் நடைமுறைக்குக் கொண்டுவந்தன. கடன் கேட்கும்போது நம் கணக்கு விவரத்தை இன்ன நோக்கத்துக்கு, இத்தனை நாளுக்கு என்று வரம்பு கட்டிக் கொடுக்கலாம், பிறகு ரத்தும் செய்யலாம். நடுவில் நிற்கும் அக்ரிகேட்டர் தரவைப் பார்க்க முடியாது. கடன் செயலியில் 'சம்மதம்' அழுத்தும் பலருக்கு, ரத்து செய்யும் இடம் அந்தக் கடன் செயலியில் இல்லை, அக்ரிகேட்டர் செயலியில் இருக்கிறது என்பதே தெரியாது. இந்த ஒன்றை மட்டும் படங்களோடு ஒழுங்காக எழுதினால் போதும், நல்ல தொடக்கம்.

தரமணி_ரயில்:

செய்முறை எழுதுவது பற்றி. 'அமைப்புகளுக்குச் சென்று மாற்றுங்கள்' என்ற வரி யாருக்கும் உதவாது. சாம்சங், ஷாவ்மி, விவோ மூன்றிலும் ஒரே அமைப்பு மூன்று இடத்தில் இருக்கும். குறைந்தது இரண்டு நிறுவனப் போனில், அதில் ஒன்றாவது மலிவான பழைய போனாக, ஒவ்வொரு படியையும் நீங்களே அழுத்திப் பார்த்துவிட்டு எழுதுங்கள். கட்டுரையின் தலையிலேயே ஆண்ட்ராய்டு பதிப்பு, செயலியின் பதிப்பு எண், சோதித்த தேதி மூன்றும் இருக்கட்டும். 6 மாதத்துக்கு ஒருமுறை திரும்பச் சோதியுங்கள். மாறிப்போன படியை அடித்துவிட்டுத் திருத்திய தேதியைப் போடுங்கள், சத்தமில்லாமல் மாற்றாதீர்கள்.

பொத்தான்களின் பெயர் பெரிய தலைவலி. சென்னையில் பெரும்பாலோர் போனை ஆங்கிலத்திலேயே வைத்திருக்கிறார்கள். நீங்கள் அழகாகத் தமிழாக்கிய பெயர் அவர்கள் திரையில் இருக்காது. திரையில் உள்ள ஆங்கிலப் பெயரை அப்படியே தமிழ் எழுத்தில் எழுதுங்கள், பக்கத்தில் தமிழ்த் திரையில் வரும் பெயரையும் கொடுங்கள், வட்டமிட்ட படம் சேருங்கள்.

திரும்பிப் போக முடியாத படிக்கு முன்னால் எச்சரிக்கை வர வேண்டும், பின்னால் அல்ல. வாட்ஸ்அப் காப்புப்பிரதிக்குக் குறியாக்கம் போடச் சொல்கிறீர்கள் என்று வையுங்கள். கடவுச்சொல்லோ 64 இலக்கச் சாவியோ தொலைந்தால் வாட்ஸ்அப்பாலேயே மீட்க முடியாது. 'முதலில் தாளில் எழுதிப் பீரோவில் வையுங்கள்' என்பதுதான் படி 1. கூகுள் கணக்கில் இரண்டடுக்குப் பாதுகாப்பு போடும் கட்டுரையில் 10 காப்புக் குறியீடுகளை எடுத்து வைப்பதும் அப்படித்தான்.

கூகுளில் உள்ள நம் தரவை மொத்தமாக இறக்கித் தரும் கூகுள் டேக்அவுட் பற்றி எழுதும்போது தவறாமல் சொல்ல வேண்டியவை: கோப்பு தயாராகச் சில மணி நேரம் முதல் சில நாள் வரை ஆகும்; இறக்கும் இணைப்பு சுமார் ஒரு வாரத்தில் காலாவதியாகும்; இயல்பாக 2 ஜிபி துண்டுகளாக வரும், ஒரு துண்டு விடுபட்டாலும் படங்கள் குறையும். போனில் இறக்கச் சொல்லாதீர்கள், இடம் நிரம்பிப் பாதியில் நின்றுவிடும். எல்லாத் துண்டுகளையும் திறந்து பார்த்த பிறகுதான் கணக்கை அழிக்கும் படிக்குப் போக வேண்டும்.

நம் குடும்பங்களின் நிலைமையை மனதில் வையுங்கள். சிம் அப்பா பெயரில், போன் மகள் கையில், வங்கிக் கணக்கு அம்மாவுடையது. ஓடிபி யாருக்குப் போகும் என்று தெரியாமல் எழுதும் எந்தப் பாதுகாப்புக் குறிப்பும் வீட்டில் உடைந்துவிடும். பிரீபெய்டு எண்ணை 90 நாள் எதற்கும் பயன்படுத்தாமல் விட்டால் அது துண்டிக்கப்பட்டு, பிறகு வேறொருவருக்குப் போகலாம். அந்த எண்ணோடு கட்டிய கணக்குகளின் ஓடிபியும் அவருக்கே. மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் உங்கள் பெயரில் எத்தனை எண் இருக்கிறது என்று பார்க்கலாம், தமிழ்நாட்டில் உச்சவரம்பு 9. தெரியாத எண் இருந்தால் அங்கேயே புகார் செய்யலாம். இணைய மோசடியில் பணம் போய்விட்டால் அழைக்க வேண்டிய உதவி எண் 1930. இந்த எண்ணைக் கட்டுரையின் கடைசியில் ஒளிக்காமல் முதல் பத்தியில் போடுங்கள், பணத்தை நிறுத்தி வைக்கும் வாய்ப்பு முதல் சில மணி நேரத்தில்தான்.

படங்களில் மறைப்பது: மங்கலாக்கும் கருவி வேண்டாம், கட்டம் கட்டமாக்கிய எழுத்தைப் பல நேரம் மீட்டுவிடலாம். முழுக் கறுப்புப் பெட்டி போட்டு, அதைப் புதிய படமாகச் சேமியுங்கள். பிடிஎஃபில் மேலே ஒட்டிய கறுப்புப் பட்டைக்கு அடியில் எழுத்து அப்படியே இருக்கும். தேர்ந்தெடுத்து நகல் எடுத்தால் வந்துவிடும்.

மனு_எண்_10:

சட்டப் பக்கம்.

தனியுரிமை அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் அமர்வு 2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் சொன்னது. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 ஆகஸ்டில் வந்தது. விதிகள் 2025 நவம்பரில். இங்கே பலர் தவறாக எழுதுகிறார்கள்: சட்டம் வந்துவிட்டது, இன்றே நிறுவனத்திடம் தரவைக் கேளுங்கள் என்று. உரிமைகள் பற்றிய பிரிவுகள் (11இல் விவரம் அறிதல், 12இல் திருத்தமும் அழிப்பும், 13இல் குறைதீர்ப்பு, 14இல் வாரிசு நியமனம்) விதிகள் வந்து 18 மாதம் கழித்தே, அதாவது 2027 மே மாதம்தான், நடைமுறைக்கு வரும் என்று அறிவித்திருக்கிறார்கள். எதுவும் தள்ளிப்போனதா என்று அரசிதழைப் பார்த்துவிட்டு எழுதுங்கள். பிரிவு 15ஐயும் வாசகருக்குச் சொல்லியாக வேண்டும்: பொய்யான, அற்பமான புகாருக்குப் புகார் செய்தவர் மீதே 10,000 ரூபாய் வரை அபராதம் வரலாம்.

அதே சட்டம் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜே) பிரிவையும் மாற்றிவிட்டது. முன்பு தனிநபர் தகவலை மறுக்க நிபந்தனைகள் இருந்தன. இப்போது தனிநபர் தகவல் என்றாலே மறுக்கலாம். ஆகவே மனுவில் ஆளின் பெயரைக் கேட்காதீர்கள். ஒப்பந்தம், செலவுத் தொகை, கொள்கை ஆவணம், கூட்டக் குறிப்பு என்று ஆவணத்தைக் கேளுங்கள். மறுத்தால் 8(2) பிரிவின் பொதுநலனைக் காட்டி மேல்முறையீடு செய்யலாம், அது இன்னும் இருக்கிறது. 'ஏன் செய்தீர்கள்' என்று கேட்டால் பதில் வராது. 'இந்த முடிவு எடுத்த கோப்பின் நகல்' என்று கேட்டால் வரும். மாநில அரசு அலுவலகத்துக்கு 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும். 30 நாளில் பதில், இல்லையேல் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதற்கும் பிறகு 90 நாளுக்குள் ஆணையம். பதிலாக வரும் பிடிஎஃப் வானவில் போன்ற பழைய எழுத்துருவில் இருந்தால் நகல் எடுக்கும்போது குப்பையாக வரும். அதை யூனிகோடாக மாற்றும் எழுத்துரு மாற்றி தேவைப்படும். வெறும் ஸ்கேனாக இருந்தால் 300 டிபிஐயில் படமாக்கி, படத்திலிருந்து எழுத்தைப் படித்தெடுக்கும் டெசராக்ட் மென்பொருளில் தமிழ் மொழிக் கோப்போடு ஓட்டுங்கள், பிறகு எண்களை ஒவ்வொன்றாகக் கண்ணால் சரிபாருங்கள்.

மிக முக்கியமானது இது. ஒரு தளத்தின் முகவரியில் எண்ணை மாற்றினால் அடுத்தவர் ரசீது தெரிகிறது என்று வாசகர் யாராவது உங்களுக்கு எழுதுவார். நீங்களும் எண்களை மாற்றி மாற்றிப் பார்க்காதீர்கள். அனுமதியில்லாமல் அணுகுவது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43, 66 பிரிவுகளில் வரும். நல்ல நோக்கம் என்பதற்கு அங்கே தெளிவான விலக்கு இல்லை. கிடைத்ததைப் பதிவிறக்கம் செய்யாமல், மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்கும் நிறுவனத்துக்கும் எழுதுங்கள். ஓட்டை அடைக்கப்பட்ட பிறகு வெளியிடுங்கள்.

நிறுவனத்தைக் குறை சொல்லி எழுதும்போது கேள்விகளை மின்னஞ்சலில் அனுப்பி, நாள் குறித்து அவகாசம் கொடுங்கள். அவர்கள் நிபந்தனைப் பக்கத்தை, இணையப் பக்கங்களின் பழைய நகல்களைக் காக்கும் வேபேக் மெஷினில் சேமித்து வையுங்கள், அடுத்த நாளே மாறலாம். குற்ற அவதூறு இன்னும் சட்டத்தில் இருக்கிறது, பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆவது பிரிவு. 'திருடுகிறார்கள்' என்று எழுதுவதும் 'தொடர்புப் பட்டியலைப் படிக்க அனுமதி கேட்கிறது, மறுத்தால் செயலி திறப்பதில்லை' என்று எழுதுவதும் ஒன்றல்ல. பின்னதுதான் வாசகருக்கும் பயன்படும்.

வேளச்சேரி_வாணி:

எல்லோருக்கும் மிக்க நன்றி. இன்னும் ஒரு சந்தேகம். சிங்கப்பூர், கனடா தமிழர்கள் ஆதரவுத் தொகை தருவார்கள் என்று நம்பலாமா? வெளிநாட்டிலிருந்து வாங்கலாமா?

மனு_எண்_10:

அவசரப்படாதீர்கள். வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டத்தின் பிரிவு 3, பத்தி எழுத்தாளர், செய்தியாளர், இதழாசிரியர் போன்றோர் வெளிநாட்டு நன்கொடை வாங்குவதைத் தடை செய்கிறது; மின்னணு வழியில் செய்தி, நடப்பு நிகழ்வு தருபவர்களையும் அது தொடுகிறது. இந்தியக் குடியுரிமை உள்ளவர் வெளிநாட்டில் வேலை பார்த்து, தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டுப் பங்களிப்பு ஆகாது. ஆனால் கனடா அல்லது சிங்கப்பூர்க் குடியுரிமை பெற்றவர் அனுப்பினால், அவர் தமிழராகவே இருந்தாலும், வெளிநாட்டுப் பங்களிப்புதான். மொழிபெயர்ப்பு, ஆவணம் எழுதுதல் போன்ற வேலைக்கு ரசீது கொடுத்து வாங்கும் கட்டணம் வேறு, அது வணிகம். 'நன்கொடை தாருங்கள்' பொத்தானை வைப்பதற்கு முன் ஒரு பட்டயக் கணக்காளரிடம் அரை மணி நேரம் உட்காருங்கள்.

உள்ளூர் வருமானத்தில், மென்பொருள் தமிழாக்கம், நிறுவனங்களுக்குப் பயனர் கையேடு, கல்லூரிப் பயிலரங்கு ஆகியவைதான் மாத வாடகையைத் தாங்கும், விளம்பரத்தை நம்பாதீர்கள். நீங்கள் விமர்சிக்கும் துறையிலுள்ள நிறுவனத்திடம் கையேடு வேலை வாங்கினால், அதைக் கட்டுரையிலேயே சொல்லிவிடுங்கள். தொழில்முறைக் கட்டணத்தில் 10 விழுக்காடு டிடிஎஸ் பிடித்தால் வருமான வரிக் கணக்கில் காட்டி, கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளலாம், கூடுதலாகப் பிடித்திருந்தால் திரும்பப் பெறலாம். சேவை வருமானம் ஆண்டுக்கு 20 லட்சம் தாண்டும்வரை பொதுவாக ஜிஎஸ்டி பதிவு தேவையில்லை.

எழுத்துரு_மாறன்:

யூபிஐயில் ஆதரவு வாங்குவதாக இருந்தால் கைப்பேசி எண்ணே முகவரியாக உள்ள யூபிஐ ஐடியைத் தளத்தில் போடாதீர்கள். பெரும்பாலான செயலிகளில் எண் இல்லாத இன்னொரு ஐடி உருவாக்கலாம். அதை எழுத்துக்கென்றே திறந்த தனி வங்கிக் கணக்கோடு இணையுங்கள். பணம் அனுப்புபவருக்கு வங்கிக் கணக்கில் உள்ள உங்கள் பெயர் தெரியும், புனைபெயரில் எழுத நினைத்தால் அதையும் கணக்கில் வையுங்கள்.

மாதச் சந்தாவுக்கு யூபிஐ ஆட்டோபே வைத்தால் 15,000 ரூபாய் வரையான தொகைக்கு ஒவ்வொரு முறையும் பின் எண் கேட்காது. வாசகர் அதை எப்படி நிறுத்துவது என்ற படிகளைச் சந்தா பொத்தானுக்கு நேர் கீழேயே எழுதிவிடுங்கள்.